இருட்டில் ஏடு, வெளிச்சத்தில் வயல்
ஓகூஸ் வட்டாரப் பண்ணைகளில் வீட்டுக்கல்வியைப் பருவங்களோடு அமைப்பது

டென்மார்க்கில் பிள்ளைகளுக்குக் கல்வி கட்டாயம், பள்ளிக்கூடம் கட்டாயமில்லை. அரசுப் பள்ளியான ஃபோல்கஸ்கோலவில் பொதுவாக எதிர்பார்க்கப்படும் தரத்துக்கு ஈடான கல்வியைத் தாங்களே தரும் பெற்றோர் பிள்ளையை அந்தப் பள்ளிக்கு அனுப்ப வேண்டியதில்லை என்று 1953-ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் 76-ஆம் பிரிவு சொல்கிறது. பிள்ளைக்கு ஆறு வயது நிறையும் ஆண்டின் ஆகஸ்டில் தொடங்கிப் பத்து ஆண்டுகளுக்கு இந்தக் கடமை உண்டு. வீட்டில் கற்பிப்பதென்று முடிவெடுத்தால், தொடங்கும் முன்பே நீங்கள் வசிக்கும் கொம்யூன் என்ற உள்ளாட்சிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். எந்தப் பிள்ளை, எங்கே படிக்கப்போகிறது, கற்பிப்பவர் யார் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். அதன் பிறகு கொம்யூன் ஆண்டுக்கொரு முறை டேனிஷ், கணிதம், ஆங்கிலம், வரலாறும் சமூகவியலும், இயற்கை அறிவியல் ஆகியவற்றில் பிள்ளையைச் சோதிக்கலாம். போதவில்லை என்று பட்டால் மூன்று மாதம் கழித்து மறுசோதனை நடக்கும். அதிலும் தேறாவிட்டால் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தாக வேண்டும்.

சட்டம் கேட்காதவற்றையும் கவனியுங்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்தப் பாடநூல், எந்தக் கால அட்டவணை என்று வீட்டுக்கல்விக்கு அது எதையும் விதிப்பதில்லை. ஓராண்டு ஓடிய பிறகு பிள்ளைக்கு என்ன தெரிந்திருக்கிறது என்பதே அதன் கேள்வி. ஆனாலும் வீட்டில் கற்பிக்கத் தொடங்கும் பெற்றோருக்கு வரும் முதல் எண்ணம், பள்ளியின் வாரத்தை அப்படியே சமையலறை மேசைக்குக் கொண்டுவருவதுதான்: திங்கள் எட்டு மணிக்குக் கணிதம், ஒன்பதுக்கு டேனிஷ். நகரத்து அடுக்குமாடி வீட்டில் இது ஓடலாம். ஓகூஸைச் சுற்றி ஒடர், ஸ்காண்டர்போர், யூர்ஸ்லாந்து பக்கம் இருக்கும் பண்ணையில் ஏப்ரல் பிறந்ததும் இது குலைந்துபோகும். விதைப்பும் ஆட்டுக்குட்டி ஈனலும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டிய தாயும் தகப்பனும் வயலில் இருப்பார்கள். பிள்ளை இரண்டுக்கும் நடுவில் திரியும். ஆகஸ்டில் மறுபடியும் இதே கதை. ஆகவே பண்ணையில் வீட்டுக்கல்வியை வாரக்கணக்கில் திட்டமிடாமல் ஆண்டுக்கணக்கில் திட்டமிட வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். ஏட்டுப் படிப்பின் பெரும்பங்கை அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் வரையிலான இருண்ட பாதியில் வையுங்கள். அளப்பது, எண்ணுவது, கவனித்துக் குறித்துவைப்பது ஆகியவற்றை வெளிச்சமான பாதிக்கு விடுங்கள். வாசிப்பு மட்டும் எந்தப் பருவத்திலும் நிற்கக் கூடாது. அறுவடை உச்சத்தில் இருக்கும் நாளிலும் அரை மணி நேரம் புத்தகம் கையில் இருக்க வேண்டும்.

இந்தப் பிரிவினைக்கு முதல் காரணம் சூரியன். ஓகூஸ் வடக்கே 56-ஆவது அட்சக்கோட்டில் இருக்கிறது. ஜூன் கடைசியில் பகல் பதினேழரை மணி நேரத்துக்கு மேல் நீள்கிறது. டிசம்பர் கடைசியில் ஏழு மணி நேரம்கூட இல்லை. யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரந்தான் வித்தியாசம். அங்கே வளர்ந்தவர்கள் ஒரு நாளின் ஒழுங்கை ஆண்டு முழுவதும் மாற்றாமல் வைத்திருக்கலாம். இங்கே அதே பிடிவாதம் பிடித்தால் ஜூனில் வெளிச்சத்தை வீணாக்குகிறோம். டிசம்பரில் மாலை மூன்றே முக்காலுக்கு இருட்டிய பிறகு கிடக்கும் நீண்ட நேரத்தைத் திரைக்குத் தாரைவார்க்கிறோம்.

பருவத்தோடு படிப்பது ஓகூஸ் இருக்கும் யூட்லாந்துக்குப் புதிதும் அல்ல. 1814-ஆம் ஆண்டுப் பள்ளிச் சட்டம் கிராமப் பிள்ளைகளுக்கும் ஏழு வயதிலிருந்து திருச்சபையின் உறுதிப்பூசுதல் வரை கல்வியைக் கட்டாயமாக்கியது. ஆனால் மாடு மேய்க்க ஆள் வேண்டும் என்ற நிலையில் அந்தச் சட்டம் வயலோடு ஒத்துப்போக வேண்டியிருந்தது. பல கிராமங்களில் பிள்ளைகள் ஒன்றுவிட்டு ஒரு நாள் பள்ளிக்குப் போனார்கள். மேற்கு யூட்லாந்தில் பெரிய பிள்ளைகளுக்குக் கோடையில் பள்ளி அறவே குறைந்து, குளிர்காலத்தில் அடர்த்தியாக நடந்தது. இன்றும் டென்மார்க் முழுவதும் ஆண்டின் 42-ஆவது வாரத்தில் பள்ளிகளுக்கு இலையுதிர்கால விடுமுறை. உருளைக்கிழங்கு விடுமுறை என்று பெரியவர்கள் இன்னும் அதைச் சொல்வது, பிள்ளைகள் கிழங்கு பொறுக்கப் போன காலத்தின் மிச்சம். கிராமப் பள்ளிக்கும் நகரப் பள்ளிக்கும் இருந்த சட்ட வேறுபாடு 1958-இல்தான் நீங்கியது.

இதைப் படிக்கும்போது தமிழ் வாசகருக்கு ஒரு பெயர் நினைவுக்கு வந்தே தீரும்: குலக்கல்வி. 1953-இல் சென்னை மாகாண முதலமைச்சர் ராஜாஜி கிராமப்புறத் தொடக்கப்பள்ளிகளில் வகுப்பு நேரத்தை நாளுக்கு மூன்று மணியாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்றார். பெரியாரும் திராவிட இயக்கமும் கடுமையாக எதிர்த்தார்கள். காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பியது. 1954-இல் ராஜாஜி விலகினார், பதவிக்கு வந்த காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார். அந்த எதிர்ப்பு நியாயமானது. செருப்புத் தைப்பவரின் மகன் அரை நாள் செருப்புத் தைக்கட்டும் என்று ஓர் அரசு சொல்லும்போது, அந்த அரை நாள் அவனுடைய படிப்பிலிருந்து பிடுங்கப்படுகிறது. பிறப்பு அவன் தொழிலைத் தீர்மானிக்கிறது. டென்மார்க் கிராமங்களின் பழைய முறையிலும் இதே குறை இருந்தது. நகரப் பிள்ளையைவிடக் கிராமப் பிள்ளைக்கு வகுப்பு நேரம் குறைவாகக் கிடைத்தது. அதனால்தான் அது 1958-இல் முடித்துவைக்கப்பட்டது. ஆகவே பண்ணையில் பிள்ளையை வைத்துக் கற்பிக்க நினைக்கும் எவரும் இந்தக் குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

என் பதில் இது. குலக்கல்வித் திட்டத்தில் பள்ளி நேரம் குறைந்தது. குறைந்த நேரத்துக்கு ஈடாகப் பிள்ளை என்ன கற்றது என்று அளக்க ஏற்பாடு எதுவும் இல்லை. இங்கே கொம்யூன் பண்ணைப் பிள்ளையையும் நகரப் பிள்ளையிடம் எதிர்பார்க்கும் அதே தரத்தால் அளக்கிறது. அந்தத் தரத்துக்கு எட்டாவிட்டால் பள்ளிக்கதவு கட்டாயமாகத் திறக்கிறது. அது பெற்றோருக்குத் தொந்தரவாகத் தோன்றலாம். பிள்ளைக்கோ அதுவே பாதுகாப்பு. ஆண்டுச் சோதனையைத் தவிர்க்க வழி தேடும் குடும்பம் வீட்டுக்கல்விக்கு ஏற்ற குடும்பம் அல்ல என்று இந்த நூல் தயங்காமல் சொல்லும். ஆனால் சட்டத்தின் அளவுகோல் மட்டும் போதாது. வீட்டுக்குள்ளேயும் ஓர் அளவுகோல் வேண்டும். இந்த வேலையைப் பிள்ளை இன்று செய்யாவிட்டால் பண்ணைக்கு நட்டம் வருமா என்று கேளுங்கள். வரும் என்றால் அது பாடம் இல்லை, கூலியில்லாத உழைப்பு. முதல் பத்து வாளி உருளைக்கிழங்கில் பாடம் இருக்கிறது: எடை, ரகம், அழுகல், மண்ணின் ஈரம். நூறாவது வாளியில் வேலை மட்டுமே இருக்கிறது. பத்தாவது வாளியோடு பிள்ளை விரும்பினால் போகலாம் என்று இருக்கும் பண்ணையில்தான் இந்த அத்தியாயம் சொல்லும் கல்வி நடக்கும்.

பண்ணை வாழ்க்கை பிள்ளைக்கு நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். எவ்வளவு நல்லது என்பதற்கு ஓகூஸிலேயே சான்றுகள் உண்டு. ஓகூஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வொன்று, 1985-க்கும் 2003-க்கும் இடையில் பிறந்த ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட டேனிஷ் பிள்ளைகளின் வீட்டைச் சுற்றியிருந்த பசுமையைச் செயற்கைக்கோள் படங்களில் அளந்து, பிற்கால மனநலப் பதிவேடுகளோடு ஒப்பிட்டது. மிகக் குறைந்த பசுமையில் வளர்ந்தவர்களுக்குப் பின்னாளில் மனநோய் வரும் ஆபத்து 55 விழுக்காடு வரை கூடுதலாக இருந்தது. குடும்ப வருமானம், பெற்றோரின் மனநல வரலாறு போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் தொடர்பு நின்றது. அதே பல்கலைக்கழகத்தார் வேளாண் பள்ளி மாணவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து நடத்திய ஆய்வில், பண்ணையில் பிறந்து வளர்ந்தவர்களிடம் ஒவ்வாமை குறைவாக இருந்தது. அமெரிக்காவில் 2016-இல் வந்த ஆய்வு இன்னும் கூர்மையானது. பழைய முறையில் வீட்டையொட்டி மாட்டுக்கொட்டில் வைத்துக்கொள்ளும் ஆமிஷ் சமூகத்துப் பிள்ளைகளில் ஆஸ்துமா ஏறத்தாழ 5 விழுக்காடு; மரபால் நெருங்கியவர்களாயினும் பெரிய இயந்திரப் பண்ணைகளை வீட்டிலிருந்து விலக்கி வைத்திருக்கும் ஹட்டரைட் சமூகத்துப் பிள்ளைகளில் 21 விழுக்காடு. இவற்றை உள்ளபடி எடுத்துக்கொள்ள வேண்டும். பசுமைக்கும் மாட்டுக்கொட்டிலுக்கும் இவை சான்று, வீட்டுக்கல்விக்கு அல்ல. பள்ளிக்குப் போய்வரும் பண்ணைப் பிள்ளைக்கும் இந்த நன்மை கிடைக்கும். ஆகவே உடல்நலத்தைக் காட்டி வீட்டுக்கல்வியை நியாயப்படுத்தாதீர்கள். பருவம் கற்றுத்தருவதை ஏட்டோடு சேர்க்க நேரம் கிடைக்கிறது என்பதே உண்மையான நியாயம். அந்த நேரத்தைச் சரியாகச் செலவழித்தால்தான் அதுவும் நிற்கும்.

எப்படிச் செலவழிப்பது? வசந்தத்தில் தொடங்கலாம். மார்ச் கடைசி முதல் ஏப்ரல் வரை கோடைப் பார்லி விதைக்கிறார்கள். முளைத்து வந்த பிறகு பிள்ளையிடம் கொடுக்க வேண்டிய கருவி ஒன்றே: அரை மீட்டருக்கு அரை மீட்டர் அளவில் நான்கு குச்சிகளைக் கட்டிய சட்டம். அதை வயலில் கண்ணை மூடிக்கொண்டு ஓரிடத்தில் போட்டு, உள்ளே நிற்கும் நாற்றுகளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். சட்டத்தின் பரப்பு கால் சதுர மீட்டர். ஆகவே நான்கால் பெருக்கினால் சதுர மீட்டருக்கு எத்தனை என்று தெரியும். 72 நாற்று என்றால் 288. சதுர மீட்டருக்கு 350 விதை போட்டிருந்தால் முளைத்தது 82 விழுக்காடு. இதைப் பத்து இடங்களில் செய்து சராசரி எடுத்தால், ஒரே வயலில் ஏன் இந்த மூலையில் 60-உம் அந்த மேட்டில் 80-உம் வருகிறது என்ற கேள்வி தானே வரும். தண்ணீர் தேங்கிய பள்ளம், டிராக்டர் சக்கரம் அமுக்கிய தடம், காகம் கொத்திய ஓரம் என்று விடையைத் தேடிப் பிள்ளை வயலில் நடக்கும். எட்டு வயதுப் பிள்ளைக்கு இது பெருக்கல். பதினொரு வயதுக்கு விழுக்காடு. பதினான்கு வயதுக்கு மாதிரியெடுப்பும் பிழையின் அளவும். கண்ணை ஏன் மூட வேண்டும் என்று பதினான்கு வயதுப் பிள்ளை விளக்கிவிட்டால் புள்ளியியலின் அடிப்படை அதற்குக் கிடைத்துவிட்டது. ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இயற்கை வேளாண் பால்பண்ணைகள் குளிர்காலம் முழுவதும் கொட்டிலில் இருந்த மாடுகளை ஊர் பார்க்கப் புல்வெளிக்குத் திறந்துவிடும். உங்களிடம் மாடு இல்லாவிட்டால் அன்றைக்கு ஒரு பண்ணைக்குப் போய் வாருங்கள். துள்ளும் மாட்டைப் பார்த்துவிட்டு வந்த அன்று மாலை ஒரு பக்கம் டேனிஷில் எழுதவைப்பது எளிது.

ஜூனும் ஜூலையும் வேகமாகக் கடந்துவிடும். ஜூன் கடைசியிலிருந்து பள்ளிகளுக்கு விடுமுறை. உங்கள் பிள்ளையும் மற்றப் பிள்ளைகளோடு ஓய்வாக இருக்கட்டும். புல் அறுப்பையும் ஸ்ட்ராபெரி பறிப்பையும் பாடமாக்க முயல வேண்டாம்.

ஆகஸ்ட் அறுவடை அப்படி விடக்கூடியது அல்ல. கணிதத்துக்கு ஆண்டில் அதைவிட நல்ல மாதம் கிடையாது. தானியம் கெடாமல் சேமிக்க அதன் ஈரப்பதம் 15 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்பது பொது வழக்கம். 18 விழுக்காடு ஈரத்தில் அறுத்த 1000 கிலோ பார்லியை 15-க்கு உலர்த்தினால் எத்தனை கிலோ மிஞ்சும் என்று கேளுங்கள். மூன்று விழுக்காடு குறைகிறது, ஆகவே 30 கிலோ போகும், 970 மிஞ்சும் என்று பிள்ளை மட்டுமல்ல, பெரியவர்களும் சட்டென்று சொல்வார்கள். தவறு. முதலில் 180 கிலோ நீர், 820 கிலோ உலர்பொருள். உலர்பொருள் எங்கும் போவதில்லை. உலர்த்திய பிறகு அந்த 820 கிலோ மொத்தத்தில் 85 விழுக்காடாக இருக்க வேண்டும். 820-ஐ 0.85-ஆல் வகுத்தால் 965 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. போனது 35 கிலோ. இந்த ஐந்து கிலோ வித்தியாசத்தைப் பத்துப் பன்னிரண்டு வண்டிகளுக்குப் பெருக்கிப் பார்த்த பிள்ளைக்கு, விழுக்காடு என்பது எதன் விழுக்காடு என்று முதலில் கேட்க வேண்டும் என்பது மறக்காது. தாளில் இதே கணக்கைப் போட்டு மறந்த பிள்ளைகள் எத்தனையோ பேர்.

செப்டம்பரில் குளிர்காலக் கோதுமை விதைப்பு, அக்டோபரில் கிழங்கும் ஆப்பிளும். இந்த இரண்டு மாதங்களை இயற்கை அறிவியலுக்கும் சமூகவியலுக்கும் ஒதுக்குங்கள், ஏனென்றால் டென்மார்க் வேளாண்மையின் பெரிய வழக்கு அப்போது கண்ணெதிரே நடக்கிறது. நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு விளைநிலம். அறுவடைக்குப் பின் வெறுமையாகக் கிடக்கும் மண்ணிலிருந்து மழை நைட்ரஜனைக் கழுவி ஓடைக்கும் கடலுக்கும் கொண்டுபோகிறது. அங்கே பாசி பெருகி, செத்து, அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. 1997 ஆகஸ்டில் ஓகூஸுக்கு வடக்கே மரியேயர் கடற்கழியில் இப்படித்தான் மீனும் சிப்பியும் கூண்டோடு செத்தன. அறுவடை முடிந்ததும் முள்ளங்கி, கடுகு போன்ற இடைப்பயிரை விதைத்து அந்த நைட்ரஜனைப் பிடித்துவைக்கச் சட்டம் ஏன் சொல்கிறது என்பதைப் பிள்ளை ஒரு செடியைப் பிடுங்கி வேரின் நீளத்தை அளந்தாலே புரிந்துகொள்ளும். பிறகு நகரத்தின் வடக்கே ஈகோ எங்ஸோவுக்கு அழைத்துப்போங்கள். பம்பு வைத்து நீரை இறைத்து உழுத தாழ்நிலம் அது. 2006-இல் நூறு எக்டேருக்கும் மேற்பட்ட ஏரியாகத் திரும்பவிட்டார்கள். ஓகூஸ் விரிகுடாவுக்குப் போகும் நைட்ரஜனைக் குறைப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. உழுதவருக்கு நிலம் போனது, கடலுக்கு மூச்சு வந்தது, யார் ஈடு கொடுக்க வேண்டும் என்ற விவாதத்தைச் சாப்பாட்டு மேசையில் நடத்துங்கள். 2030 முதல் கால்நடைகளின் வெப்பவாயுவுக்கு வரி விதிக்க டென்மார்க் முடிவெடுத்திருக்கிறது. உங்கள் பிள்ளைக்கு அது செய்தித்தாளில் வரும் செய்தி அல்ல, வீட்டு வருமானம்.

இயற்கை வேளாண் விதிப்படி மாடுகள் மேய்ச்சலுக்கு வெளியே இருக்க வேண்டிய காலம் நவம்பர் தொடக்கத்தோடு முடிகிறது. பிள்ளையும் அப்போது உள்ளே வரலாம். இனி ஐந்து மாதங்கள் நிதானமான, அடர்த்தியான ஏட்டுப் படிப்பு. காலையில் நான்கு மணி நேரம் போதும். ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்பிக்கும் நான்கு மணி நேரம் இருபத்தைந்து பேர் இருக்கும் வகுப்பின் ஒரு முழு நாளைவிடக் கூடுதலாகக் கொண்டுபோகும். இலக்கணம், நீண்ட வாசிப்பு, கட்டுரை எழுதுதல், ஆங்கிலம், வயலில் தொட்ட கணிதத்தை முறைப்படி எழுதிப் பழகுதல் எல்லாம் இப்போது. வரலாற்றுக்கு ஓகூஸ் கொடுத்துவைத்த ஊர். 1952-இல் கிரௌபாலெ கிராமத்துச் சதுப்பிலிருந்து எடுக்கப்பட்ட, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தைய மனிதனின் உடல் மோஸ்கார்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவன் கடைசியாக உண்ட கஞ்சியில் தானியத்தோடு அறுபதுக்கும் மேற்பட்ட வகைக் களை, புல் விதைகள் இருந்தன. கோடையில் பார்லி வயலில் களைகளை இனம் கண்டு குறித்துவைத்த பிள்ளைக்கு அந்தக் கஞ்சி ஓர் ஆவணம்: அந்த ஆண்டு விளைச்சல் எப்படி இருந்திருக்கும், களையை ஏன் பிரிக்கவில்லை என்று அதுவே கேட்கும். 1914-இல் திறந்த டென் கம்லே பூ அருங்காட்சியகத்தில் பழைய நகரத்து வீடுகளும் கடைகளும் இருக்கின்றன. ஓகூஸின் வீபூவில் தலைமையகம் வைத்திருக்கும் பால் நிறுவனமான ஆர்லா ஒரு கூட்டுறவு. அதன் வேரைத் தேடிப் போனால் 1882-இல் மேற்கு யூட்லாந்தின் யெடிங் கிராமத்தில் தொடங்கிய முதல் கூட்டுறவுப் பால்நிலையத்துக்கு வந்து சேர்வீர்கள். அந்த இயக்கத்தில் மாட்டின் எண்ணிக்கைக்கு ஏற்ப வாக்கு இல்லை, ஆளுக்கொரு வாக்கு. மக்களாட்சியைக் கற்பிக்கத் தொடங்க இதைவிட நல்ல இடம் இல்லை.

இனி மொழி. தமிழ்க் குடும்பங்களுக்கு இதுவே மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை பள்ளிக்குப் போனால் நாள் முழுவதும் டேனிஷ் காதில் விழும்; வீட்டிலேயே இருந்தால் விழாது. எண்பதுகளில் அகதிகளாக வந்த ஈழத்தமிழர்களின் பிள்ளைகள் ஹெர்னிங்கிலும் கிரின்ஸ்டெட்டிலும் பிராண்டாவிலும் மருத்துவராகவும் பொறியாளராகவும் ஆனதற்கு அந்தப் பள்ளி மொழி ஒரு முக்கியக் காரணம். அதைக் கைவிடுவது சின்ன விஷயம் அல்ல. பெற்றோரில் ஒருவராவது டேனிஷில் புத்தகம் படித்து, தவறில்லாமல் எழுதி, பிள்ளையின் தவறைத் திருத்தக்கூடியவராக இல்லாவிட்டால் வீட்டுக்கல்வியை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். அன்பாலோ உழைப்பாலோ இந்தக் குறையை ஈடுகட்ட முடியாது. அப்படி ஒருவர் இருக்கும் வீட்டிலும், டேனிஷ் பேசும் பிள்ளைகளோடு வாரத்தில் பல முறை பழகும் ஏற்பாட்டை முதலில் செய்துவிட்டுப் பிறகு பாடத்திட்டத்தை எழுதுங்கள். தமிழுக்கு இதில் நட்டம் இல்லை, ஆதாயம் உண்டு. பருவக் குறிப்பேட்டைத் தமிழில் வைக்கலாம். வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் ஆடிப்பட்டத்தைப் படிக்கும் பிள்ளை இங்கே ஏப்ரலில் விதைப்பது ஏன் என்று ஒப்பிட்டு எழுதினால், மழையை நம்பும் வேளாண்மைக்கும் மண்ணின் வெப்பத்துக்குக் காத்திருக்கும் வேளாண்மைக்கும் உள்ள வேறுபாடு அதற்குத் தமிழிலேயே விளங்கும்.

நட்பு பற்றிய ஆட்சேபத்தையும் மொழியோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஊருக்கு வெளியே தனிப் பண்ணையில் இருக்கும் பிள்ளை தனிமைப்படும் என்பது வெறும் அச்சம் அல்ல, நடக்கக்கூடியது. டென்மார்க்கில் இதற்கு மருந்து சங்கங்கள். கைப்பந்து, ஜிம்னாஸ்டிக், சாரணர், தோட்டம் போட்டுப் பழகும் 4எச் என்று ஏறத்தாழ ஒவ்வொரு ஊரிலும் ஏதோவொரு சங்கம் பிள்ளைகளைச் சேர்க்கிறது. ஒன்றைத் தேர்ந்து ஆண்டு முழுவதும் விடாமல் போக வேண்டும். அறுவடை என்பதற்காக அந்த மாலையைத் தவறவிடக் கூடாது. வாரத்தில் ஒரு நாள் ஓகூஸ் துறைமுகத்தில் இருக்கும் டொக் 1 நூலகத்துக்குப் பேருந்தில் போய் வருவதும் கல்வியே. மண்ணும் விலங்கும் மட்டும் தெரிந்த பிள்ளைக்குக் கூட்டத்தில் வரிசையில் நிற்கவும் தெரிய வேண்டும்.

ஆபத்தைப் பற்றிச் சுற்றிவளைக்காமல் சொல்ல வேண்டும். பண்ணை ஒரு தொழிற்கூடம். சாணக்கரைசல் தொட்டியைக் கலக்கும்போது வெளிவரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனமானது. செறிவு கூடும்போது மூக்கு அதன் வாடையை உணர்வதை நிறுத்திவிடும். வாடை போய்விட்டதென்று நினைத்து அருகில் போகிறவர் விழுந்துவிடுவார், காப்பாற்றப் போகிறவரும் விழுவார். தொட்டியைக் கலக்கும் நாளில் பிள்ளைகள் முற்றத்திலேயே இருக்கக் கூடாது. தானியக் குவியலும் களஞ்சியமும் அதேபோல. கீழே தானியம் இறங்கிக்கொண்டிருக்கும்போது மேலே நிற்கும் பிள்ளை சில நொடிகளில் மூழ்கும். பின்னால் வரும் டிராக்டரின் ஓட்டுநருக்கு மூன்று வயதுப் பிள்ளை தெரியாது. ஆகவே சின்னப் பிள்ளைகளுக்கு வேலியிட்ட விளையாட்டிடம் வேண்டும், கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டும். சாலையில் டிராக்டர் ஓட்ட 16 வயதில் உரிமம் எடுக்கலாம். சட்டம் கொடுக்கும் அந்த வயதுக்கு முந்தின நாள் வரை விளையாட்டாகவும் ஏற்றிவைக்காதீர்கள். எந்த வயதில் எந்த வேலை என்ற விதிகளை ஆர்பைட்ஸ்டில்சூன் என்ற பணிச்சூழல் ஆணையம் வெளியிடுகிறது. குடும்பப் பண்ணைகளுக்குச் சில தளர்வுகள் உண்டு. அவற்றைச் சலுகையாக எடுத்துக்கொள்ளாமல் கடுமையான விதியையே உங்கள் வீட்டு விதியாக வையுங்கள்.

செலவு பற்றிய கேள்வி மீதமிருக்கிறது. வீட்டுக்கல்விக்கு அரசு பணம் தராது. கற்பிப்பதற்காக ஒருவர் வேலையை விட்டால் அந்த வருமானமும் போகும். இது கட்டுப்படியாகாத குடும்பத்துக்கு நடுவழி ஒன்று உண்டு. 1850-களில் கிறிஸ்டன் கோல் ஃபூன் தீவில் தொடங்கிவைத்த வழியில், பெற்றோரே நடத்தும் ஃப்ரீஸ்கோலக்கள் இன்றும் யூட்லாந்துக் கிராமங்களில் இருக்கின்றன. 1855 முதல் சட்டம் அவற்றை ஏற்கிறது. செலவில் ஏறத்தாழ முக்கால் பங்கை ஒட்டி அரசு மானியம் தருகிறது. தோட்டத்தையும் பருவத்தையும் பாடமாக எடுக்கும் ஒரு ஃப்ரீஸ்கோல பக்கத்தில் இருந்தால், வீட்டுக்கல்வியைவிட அதையே பல குடும்பங்களுக்குப் பரிந்துரைப்பேன். பண்ணையே இல்லாத நகரக் குடும்பம் ஓகூஸின் கொலோனிஹாவேத் தோட்டமொன்றை வாடகைக்கு எடுத்து, மேலே சொன்ன நாற்று எண்ணிக்கையை வெந்தயக்கீரையில் செய்யலாம். பள்ளியை விட வேண்டிய தேவையே இல்லை.

தொடங்கிவிட்டவர்கள் முதல் நாளிலிருந்தே ஒரு கோப்பு வையுங்கள். பாடவாரியாகப் பிரித்து, மாதத்துக்கு இரண்டு மூன்று எழுத்துப் பணிகள், தேதியோடு வயல் குறிப்புகள், படித்த டேனிஷ் நூல்களின் பட்டியல். கொம்யூனிலிருந்து வருகிறவர் பொதுவாகப் பள்ளி அனுபவம் உள்ள ஆசிரியராக இருப்பார். அவரிடம் தத்துவம் பேசுவதைவிடக் கோப்பை நீட்டுவது மேல். சோதனை வசந்தத்தில் வருமானால் உங்களுக்கு வசதி, ஏனென்றால் குளிர்காலப் படிப்பு அப்போதுதான் முடிந்திருக்கும். அந்தக் காலத்தைக் கேட்டுப் பாருங்கள். சோதனையில் ஏதாவது பாடத்தில் பிள்ளை பின்தங்கினால் கோடைக்கு முன் ஆறு வாரத்தை அதற்கென்றே ஒதுக்குங்கள், வயலைக் கொஞ்சம் கைவிட்டாலும் பரவாயில்லை.

பதினான்கு, பதினைந்து வயதில் பிள்ளை வீட்டைவிட்டு வெளியே போகும் வழியை முன்கூட்டியே யோசித்து வையுங்கள். ஒன்பதாம் வகுப்பு இறுதித் தேர்வைத் தனித்தேர்வராகப் பள்ளியொன்றில் எழுதலாம். மேல்நிலைக் கல்விக்கு அது தெளிவான சான்று. ஒன்பதாம் அல்லது பத்தாம் ஆண்டுக்கு எஃப்டர்ஸ்கோல என்ற உறைவிடப் பள்ளிக்குப் போவது டென்மார்க்கில் வழக்கம், பண்ணைப் பிள்ளைகளுக்கும் நல்ல பாலம். அங்கே நூறு பேரோடு உண்டு உறங்கிப் பழகலாம். பேர்போன பள்ளிகளில் இடங்கள் வெகு முன்பே நிரம்பிவிடுவதால், பன்னிரண்டு வயதிலேயே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இரண்டு மூன்று பள்ளிகளின் திறந்த நாளுக்குப் போய்வாருங்கள். அங்கே கேள்விகளை நீங்கள் கேட்காமல் பிள்ளையைக் கேட்கவிடுங்கள்.